மருதாணி அழிகிறது, பச்சை குத்தியது ஏன் அழிவதில்லை?

மருதாணி இரண்டு மூன்று வாரத்தில் போய்விடுகிறது, பச்சை குத்தியது மட்டும் ஆயுளுக்கும் நிற்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பத்தாவின் முன்கையில் இருந்த பச்சைப் புள்ளிகளை எச்சில் தொட்டு அழித்துப் பார்த்துத் திட்டு வாங்கியவன் நான். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழையது.

இரண்டும் தோலில் தங்கும் இடம் வேறு. நாம் தொட்டுப் பார்க்கும் மேற்பரப்பு முழுக்க இறந்த செல்கள். மேல்தோலின் அடிவரிசையில் புதிய செல்கள் ஓயாமல் பிறக்கின்றன. மேலே தள்ளப்படும் வழியிலேயே கெரட்டின் என்னும் புரதம் நிரம்பி, உட்கருவை இழந்து, தட்டையாகிச் செத்து, கடைசியில் தவிடுபோல உதிர்கின்றன. பிறப்பிலிருந்து உதிர்வது வரை ஏறத்தாழ ஒரு மாதம். மருதாணி இலையிலுள்ள லாசோன் என்ற சாயம் இந்தக் கெரட்டினைத்தான் பற்றிக்கொள்கிறது. அந்த இறந்த அடுக்கு உதிர உதிர நிறமும் கூடவே போகிறது.

ஒரே விழுதுதான், உள்ளங்கையில் கருஞ்சிவப்பாகப் பிடிக்கிறது, புறங்கையில் வெளிறிக் கிடக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இறந்த அடுக்கு அவ்வளவு தடிமன். கண்ணிமையில் மேல்தோல் மொத்தமே சுமார் 0.05 மி.மீ., உள்ளங்காலில் 1.5 மி.மீ. வரை. "பித்த உடம்பு, அதனால்தான் இப்படிச் சிவக்கிறது" என்பார் அப்பத்தா. அவரிடம் போய் கெரட்டினைப் பற்றி யார் பேசுவது?

பச்சை குத்தும் ஊசியோ மேல்தோலைத் தாண்டி உள்தோலில் மையை விடுகிறது. மேல்தோலில் ரத்தக் குழாய்கள் கிடையாது, உள்தோலில் உண்டு. குத்துகிற இடத்தில் ரத்தம் துளிர்ப்பது அதனால்தான். கொலாஜன் என்னும் புரத நார்கள் பின்னிக் கிடக்கும் அந்த இடத்துக்கு உதிரும் வழக்கமே இல்லை. வந்தது அந்நியப் பொருள் என்று, உடலின் காவல் செல்களான பெருவிழுங்கு செல்கள் பாய்ந்து மைத்துகள்களை விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடியாமல், விழுங்கியதை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அந்தச் செல் செத்தால் மை வெளியேறிவிடாதா? 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் இதைப் பார்த்தார்கள். இறக்கும் செல் விட்டுப்போகும் மையை அடுத்து வரும் செல் விழுங்கிக்கொள்கிறது. பச்சையை அழிக்கும் லேசர் சிகிச்சை இந்த மைத்துகள்களை உடைத்துப் பொடியாக்குகிறது, பிறகு நிணநீர் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிச் செல்கிறது. அப்படியும் பல அமர்வுகள் ஆகும்.

இன்னொன்று. குத்தியது கரி மை, கறுப்பு. பெயர் மட்டும் 'பச்சை'. மேலே இருக்கும் தோல் வழியாகப் பார்க்கும்போது, சிவப்பு ஒளி ஆழமாக இறங்கிக் கரியில் மறைந்துவிடுகிறது. நீலம் மேலாகவே சிதறித் திரும்புகிறது. அதனால் கறுப்பு மை நீலப்பச்சையாகத் தெரிகிறது. கை நரம்புகள் என்று நாம் சொல்லும் ரத்தக் குழாய்கள் நீலப்பச்சையாகத் தெரிவதிலும் இதே ஒளிச்சிதறலுக்குப் பங்குண்டு.

நகத்தில் வைத்த மருதாணி மட்டும் ஏன் மாதக்கணக்கில் நிற்கிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். நகமும் கெரட்டின்தான், ஆனால் அது உதிர்வதில்லை. மாதம் 3 மி.மீ. அளவில் வளர்ந்து, நீங்கள் வெட்டும்வரை அந்தச் சிவப்பு அதிலேயே இருக்கும்.