பைத்தானின் மேக்ஃபைல் எங்கே?

கேள்வி: பைத்தானைத் தொகுத்தபோது உருவான மேக்ஃபைலை (தொகுப்பதற்கான கட்டளைகள் அடங்கிய கோப்பை) என் ஸ்கிரிப்ட் தானாகவே கண்டறிய வேண்டும். கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் துழாவுவதுதான் வழியா?

பதில்: துழாவ வேண்டியதில்லை. பைத்தான் 3.2 முதல் நிலையான நூலகத்தில் உள்ள சிஸ்கான்ஃபிக் தொகுதியை இறக்குமதி செய்து, ‘கெட்_மேக்ஃபைல்_ஃபைல்நேம்’ என்ற செயற்கூற்றை அழைத்தால், ஸ்கிரிப்டை இயக்கும் அதே பைத்தானுக்குரிய மேக்ஃபைலின் முழுப் பாதையும் கிடைத்துவிடும். ஒரே கணினியில் பல பதிப்புகள் இருக்கும்போது இது பெரிய நிம்மதி. பழைய ஸ்கிரிப்டுகளில் காணப்படும் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய தொகுதியின் வழியைப் பின்பற்றாதீர்கள்; 3.12 பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது.

ஆனால், பாதை கிடைத்ததாலேயே கோப்பும் அங்கே இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. அச்செயற்கூறு பாதையைக் கட்டித் தருகிறதே தவிர, கோப்பு இருக்கிறதா என்று சோதிப்பதில்லை என்பதால், அந்தச் சோதனையை ஸ்கிரிப்டிலேயே சேர்த்துவிடுங்கள். தொகுப்பியின் பெயர் போன்ற ஓரிரு மதிப்புகள் மட்டுமே தேவையென்றால், அதே தொகுதியின் ‘கெட்_கான்ஃபிக்_வார்’ செயற்கூறே போதுமானது.