அரிவாள் செல் மரபு இருந்தால் மலேரியா வராதா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு முகாமில் ரத்தப் பரிசோதனை செய்து, அரிவாள் செல் மரபுக்கடத்தி என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களை மலேரியா அண்டாது என்று உறவினர் ஒருவர் கூறியதை நம்பி, ஒடிசாவுக்கு வேலைக்குப் போகவிருக்கும் அவன் கொசுவலையே வேண்டாம் என்கிறான். இது சரியா?
- வாசகி, கூடலூர்

பதில்: சரியன்று. கொசுவலையைக் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். ஆயினும் உறவினர் சொன்னது வெறும் கட்டுக்கதையும் அன்று என்பதால் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

அரிவாள் செல் மரபு என்பது, சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மாறி, அந்த அணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரைத் தன்மை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இம்மரபு இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952-லேயே பதிவு செய்தனர். 1954-இல் அந்தோணி ஆலிசன், இம்மரபை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களை, அதாவது மரபுக்கடத்திகளை, மலேரியாவின் கொடிய வகையான பால்சிபாரம் அவ்வளவாகத் தாக்குவதில்லை என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் எடுத்துக்காட்டினார். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறைந்த இடங்களில் எளிதில் வளைந்துவிடுவதால் மண்ணீரல் அவற்றை விரைவில் அகற்றிவிடுகிறது. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் அவை ஒட்டிக்கொள்வதும் குறைகிறது. இதனால் உயிருக்கு ஆபத்தான கடும் மலேரியா சுமார் 90 விழுக்காடு குறைகிறது. ஆனால் கொசு கடிப்பதும், கிருமி உடலில் நுழைவதும், காய்ச்சல் வருவதும் நின்றுவிடுவதில்லை. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு எதிராக இதே அளவு பாதுகாப்பை எதிர்பார்க்கவும் முடியாது.

இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். முகாம்களில் பெரும்பாலும் செய்யப்படும் கரைதிறன் சோதனையில், ரத்தம் கலந்த கரைசல் கலங்கி, குழாய்க்குப் பின்னால் பிடித்த தாளின் கோடுகள் தெரியாமல் போனால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று மட்டுமே பொருள். அவர் மரபுக்கடத்தியா, இரு பெற்றோரிடமிருந்தும் மரபைப் பெற்ற நோயாளியா என்பதை ஹீமோகுளோபின் வகைகளை மின்சாரத்தால் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் போன்ற அடுத்தகட்டப் பரிசோதனைதான் சொல்லும். நோயாளியாக இருந்தால் மலேரியா அவருடைய உயிருக்கே கேடு விளைவிக்கும்.

அங்கே காய்ச்சல் கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். வைவாக்ஸ் மலேரியாவுக்கு பிரைமாகுயின் மாத்திரை தரப்படும் முன், சிவப்பணுவைக் காக்கும் ஜி-6-பி-டி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம்; அதுவும் சிவப்பணுவைச் சார்ந்த பரம்பரைக் குறைபாடே, ஆண்களுக்குத் தாய்வழியாக வரும் அது அவர்களிடமே மிகுதியாக வெளிப்படுகிறது. அக்குறைபாடு உள்ளவர்களுக்கு அம்மாத்திரை சிவப்பணுக்களைச் சிதைத்துவிடலாம். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.