காரைக்குடியில் முன் பம்பர் மாற்றி பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும்?

கேள்வி: வெள்ளை ஸ்விஃப்ட், வாங்கி நாலாவது வருடம் ஓடுகிறது. வீட்டு முகப்புக் கல்படியில் இடித்து முன் பம்பர் ஓரம் கிழிந்துவிட்டது. வெளிப் பட்டறையில் மாற்றலாமா, கம்பெனி சர்வீஸுக்கு விடலாமா, இன்சூரன்ஸில் போடலாமா?

காரைக்குடி, தேவகோட்டை வெளிப் பட்டறைகளில் சுமாராக 6,000 முதல் 7,500 ரூபாய் ஆகும். கம்பெனி சர்வீஸில் 9,000 முதல் 11,000 வரை போகும். இதில் பம்பரின் விலை பாதிகூட இல்லை. மீதியெல்லாம் பெயிண்ட்டுக்கும், பின்னால் இருக்கும் சில்லறைச் சாமான்களுக்கும், கூலிக்கும்தான். அதனால் "பம்பர் என்ன விலை" என்று நாலு கடையில் கேட்பதைவிட, "என்ன பெயிண்ட், எப்படி அடிப்பீங்க" என்று ஒரு கடையில் விவரமாகக் கேட்பது நல்லது.

மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பம்பர் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக். உள்பக்கம் 'பிபி' என்று அச்சு இருக்கும். கிழியாமல் உள்ளே அமுங்கியிருந்தால் வெந்நீர் ஊற்றியோ ஹீட் கன் காட்டியோ பின்னாலிருந்து தள்ளினால் பெரும்பாலும் எழும்பிவிடும். கீழ் விளிம்பில் மட்டும் கிழிசல் என்றால் அதே பிபி கம்பியை உருக்கி, உள்ளே கம்பி வலை பதித்து ஒட்டலாம். ஆனால் ஒட்டினாலும் முழு பம்பருக்கும் பெயிண்ட் அடித்தாக வேண்டும், ஆகவே மிச்சமாவது 1,500, 2,000தான். ஹெட்லைட் ஓரத்திலோ ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடு) ஓரத்திலோ பம்பரைப் பிடிக்கும் லாக் பிய்ந்துவிட்டால் ஒட்டவே வேண்டாம். ஆறு மாதத்தில் அந்த மூலை தொங்கி இடைவெளி விழும். மாற்றிவிடுங்கள்.

ஸ்விஃப்ட் மாதிரி சின்ன காருக்குக் கம்பெனி பம்பர், பெயிண்ட் இல்லாமல், மாடலைப் பொறுத்து 2,500 முதல் 3,500க்குள் வரும். வெளிக் கம்பெனி பம்பர் அதில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஃபெண்டரோடு சேரும் இடத்தில் சரியாக உட்காராமல் துளையை ராவிப் பொருத்துவார்கள். சின்ன காருக்கு அந்த வித்தியாசம் ஆயிரத்துச் சில்லறைதான், கம்பெனி சாமானே வாங்குங்கள். இங்கே இருப்பு இல்லையென்றால் மதுரை, திருச்சியிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். பெட்டி லேபிளில் இருக்கும் எம்.ஆர்.பி. வரி சேர்ந்த விலை. அதன்மேல் மறுபடி 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22க்கு முன் இந்தச் சாமானுக்கு வரி 28 சதவீதம், இப்போது 18. பழைய லேபிள் ஒட்டிய சரக்கு என்றால் அதையும் கவனியுங்கள்.

சைடு பிராக்கெட் இரண்டு, கிளிப் ஒரு டஜன், தேவைப்பட்டால் உள்ளே இருக்கும் ஃபோம். இதற்கெல்லாம் சேர்த்து 500, 700 ஆகும். பழைய கிளிப்பையே திரும்பப் போட்டால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பம்பர் சடசடக்கும். எஸ்டிமேட் எழுதும் முன் பம்பரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஏசி கண்டென்சரின் தகடுகள் மடங்கியிருக்கிறதா, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் வளைந்திருக்கிறதா, ஹாரன் வயர் அறுந்திருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். கண்டென்சரில் மெல்லிய கசிவு இருந்தால் உடனே காட்டாது, நாள் போகப் போக ஏசி குளிராமல் போகும்.

இனி பெயிண்ட். இதில்தான் பட்டறைக்குப் பட்டறை 1,500 ரூபாய் வித்தியாசம் வருகிறது. புது பம்பர் அச்சிலிருந்து வரும்போது மேலே வழவழப்பான ஒரு பூச்சு இருக்கும். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிசுக்கு எடுக்கும் திரவத்தால் துடைத்து, மெல்லிய உப்புத்தாள் போட்டு, பிளாஸ்டிக் பிரைமர் அடித்த பிறகே மற்ற பிரைமர் ஏற வேண்டும். பாலிப்ரோப்பிலீனில் பெயிண்ட் தானாக ஒட்டாது. அந்த 200, 300 ரூபாய் பிளாஸ்டிக் பிரைமரை மிச்சம் பிடித்தால், பிறகு ஒருநாள் வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் பட்டதும் பெயிண்ட் தாள் தாளாக உரிந்து வரும். அதன் பிறகு திரும்ப அடிப்பது முதல் செலவைவிட அதிகம், ஏனென்றால் உரிந்ததையெல்லாம் முழுக்கச் சுரண்ட வேண்டும். பிரைமர் ஏற்கெனவே அடித்து வரும் பம்பரும் உண்டு. அதற்கு மெல்லியதாகத் தேய்த்தால் போதும்.

பிரைமர் காய்ந்ததும் 800 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். பிறகு பேஸ் கோட், அதாவது கலர், இரண்டு மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 நிமிடம். அதன்மேல் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த கிளியர், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, இரண்டு கை. ஒரு பம்பருக்குத் தின்னரோடு சேர்த்து அரை லிட்டர் பேஸ் கோட், அதே அளவு கிளியர் தாராளம். "பியூ பெயிண்ட்டா, என்.சி.யா?" என்று கேளுங்கள். பியூ என்றால் பாலியூரித்தேன், என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ். என்.சி. மலிவு, சீக்கிரம் காயும். ஆனால் நம்ம ஊர் வெயிலில் ஓரிரு வருடத்தில் மங்கி வெடிக்கும். பியூ மட்டுமே அடிக்கச் சொல்லுங்கள்.

"அண்ணே, பம்பரைக் கழட்டி வச்சு அடிப்பீங்களா, வண்டியோடயே அடிப்பீங்களா?" இதையும் கேட்டுவிடுங்கள். வண்டியோடு அடித்தால் ஓரங்களில் பெயிண்ட் சரியாக ஏறாது, ஃபெண்டரில் தெறிக்கும். அடிக்கும் இடம் மூடிய அறையா என்று நேரில் பாருங்கள். செட்டிநாட்டில் செம்மண் புழுதி பொல்லாதது. ரோட்டோரத் திறந்த கொட்டகையில் ஈரக் கிளியர்மேல் அது உட்கார்ந்தால் வெள்ளை வண்டியில் சிவப்புப் புள்ளியாகவே தெரியும். கோடையில் வேகத் தின்னர் போட்டால் பெயிண்ட் விழும் முன்பே காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் தேங்கி, அடிக்கும்போது துளித்துளியாக வந்து குழி விழும். மழை நாளாக இருந்தால் இரண்டு நாள் பொறுத்து விடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

உங்களுடையது சாதா வெள்ளை என்றால் வேலை சுலபம். மாருதியில் அதன் கலர் கோட் 26யு. முத்து வெள்ளை என்றால் அடிக் கலர், நடுவில் முத்துப் பூச்சு, மேலே கிளியர் என்று மூன்று அடுக்கு, 500 முதல் 1,000 வரை கூடும். கோட் பார்த்துக் கலந்தாலும் நாலு வருட வெயில் பட்ட ஃபெண்டரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். கலந்த கலரை ஒரு அட்டையில் கிளியரோடு அடிக்கச் சொல்லி, ஃபெண்டர் பக்கத்தில் வைத்து வெயிலில் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும்.

இன்சூரன்ஸ் கணக்கு. கம்பெனி சர்வீஸ் பில் 9,200 என்று வையுங்கள்: பிளாஸ்டிக் சாமான் 4,200, பெயிண்ட் 4,000, கூலி 1,000. ஜீரோ டெப் (சாமான் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் பாலிசி) இல்லையென்றால் பிளாஸ்டிக்கில் பாதி, 2,100 கழிப்பார்கள். பெயிண்ட் தொகையில் கால் பங்கை மெட்டீரியலாக எடுத்து அதில் பாதி, 500 கழிப்பார்கள். 1,500 சி.சி. வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. ஆக உங்கள் கையிலிருந்து 3,600, அவர்கள் தருவது 5,600.

இனி நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி. இதுவரை கிளெய்ம் போடாமல் இருந்தால் இப்போது 35 சதவீதம், அடுத்த வருடம் 45, அதன்பின் 50. கிளெய்ம் போட்டால் பூஜ்யம், 20, 25 என்று மறுபடி அடியிலிருந்து ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியம் (நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி) 8,000 என்றால் மூன்று வருடத்தில் இழப்பது 3,600, 2,400, 2,000, மொத்தம் 8,000. வாங்குவது 5,600. ஆகவே போடாதீர்கள். ஜீரோ டெப் இருந்தால் 8,200 கிடைக்கும், ஏறக்குறைய சரிக்குச் சரி. ஹெட்லைட், பானெட்டும் சேர்ந்து அடிபட்டு பில் 20,000ஐத் தாண்டினால் மட்டும் தாராளமாகப் போடுங்கள். அப்படிப் போடுவதாக இருந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கும்வரை பழைய பம்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வண்டியை எடுக்கும்போது இரண்டு ஃபெண்டர் ஓரமும் இடைவெளி ஒரே அளவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஃபாக் லேம்ப், ஹாரன் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் தண்ணீர் சர்வீஸ் வேண்டாம், ஒரு மாதம் மெழுகு பாலிஷ் வேண்டாம். கிளியர் உள்ளே முழுதாக இறுக அவ்வளவு நாள் ஆகும்.