"உழக்கினது காணாதோ?"

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை. போன வைகாசியில் பாவித்த ரேசிங் சைக்கிள் ஒன்றை வாங்கி விடியப்புறத்தில் ஓடத் தொடங்கினேன். ஆனையிறவு வரை பறந்துபோய் வருவேன். புரட்டாதி மட்டில் கிழமைக்கு 150 கிலோமீற்றர் வந்துவிட்டது. ஐப்பசி மழையோடு நின்றதுதான். பொங்கல் முடிந்து போன கிழமை எடுத்து ஓடினால், ஆனையிறவு வர முதலே மூச்சு முட்டுகிறது, வலது முழங்காலும் நோகிறது. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் மார்கழியிலும் கிழமைக்கு 200 ஓடியதாகப் போனில் கணக்குக் காட்டுகிறான். எனக்குச் சித்திரை வருசத்தன்று யாழ்ப்பாணம் போய் ஒரே நாளில் திரும்ப ஆசை. அப்பாவோ, "இடம்பெயரேக்க உழக்கினது காணாதோ? ஏன்ரா சும்மா கிடக்கிற காலை நோகடிக்கிறாய்?" என்கிறார். விட்டுவிடுவதா, தொடர்வதா?
வி., கிளிநொச்சி

பதில்: தம்பி, முழங்காலில் தொடங்குவோம். நோவோடு இருக்கிறவருக்கு முதலில் கதை சொல்லக்கூடாது.

நோவு முழங்காலின் முன்பக்கம் என்றால் அநேகமாகச் சீற் பதிவாக இருக்கிறது. பின்பக்கம் இழுக்கிறதுபோல் என்றால் சீற் உயரம். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு சைக்கிளில் ஏறி இருங்கள். குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடலை ஆகக் கீழே கொண்டுவாருங்கள். கால் நேராக நீளவேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக்கூடாது. பிறகு வழமைபோல முன்பாதத்தை வைத்தால் முழங்கால் இலேசாக மடிந்து நிற்கும். அந்த உயரத்தில் சீற் தண்டில் பேனையால் ஒரு கோடு கீறிவிடுங்கள். மூன்று மாதம் தாழ்வாரத்தில் நின்ற சைக்கிள். வீட்டில் யாராவது சீற்றைப் பதித்துக்கொண்டு பாண் வாங்கப் போய் வந்திருக்கவும் கூடும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. முழங்கால் வீங்கியிருந்தால், அல்லது படுத்திருக்கும்போதும் நோகிறதென்றால், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது மூச்சு. இங்கேதான் உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்துச் சிரித்தேன். வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை ஓடியிருக்கிறீர்கள். அது முழுக்கச் சோளகக் காலம். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று உங்கள் முதுகைப் பிடித்து ஆனையிறவுக்குத் தள்ளிக்கொண்டுபோய் விட்டிருக்கிறது. பறந்துபோனேன் என்கிறீர்களே, பறக்கவிட்டது யார் என்று பார்க்கவில்லை. இப்போது தை. வாடை வடகிழக்கிலிருந்து நேரே முகத்தில் அடிக்கிறது. பரந்தன் சந்தி தாண்டினால் மறைப்பென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெறும் கடல்நீரும் வெட்டையும். நீங்கள் மணிக்கு 20 கிலோமீற்றரில் போக, காற்று 15இல் எதிரே வந்தால், உங்கள் நெஞ்சுக்கு அது 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது, அதனால் காற்றில்லாத நாளைப்போல மூன்று மடங்கு தடையைத் தள்ளியிருக்கிறீர்கள். அதுவும் சோளகத்தில் போட்ட அதே பாரமான கியரில் மிதித்திருப்பீர்கள். முழங்கால் ஏன் முறையிடுகிறது என்பதற்கு இது இன்னொரு காரணம். நிமிடத்துக்கு 80 தரமாவது கால் சுற்றுகிற இலேசான கியருக்கு வாருங்கள். வேகம் குறைந்தால் குறையட்டும்.

மூன்று மாத ஓய்வில் உடம்பு கொஞ்சம் இழந்திருக்கிறதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இழக்கவில்லை. மிச்சம் காற்றின் கணக்கு.

எங்கள் ஊரில் சைக்கிள் ஓடுகிறவர் செயலியைப் பார்க்க முதல் பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவேண்டும். புதுக்கால் உள்ளபோது காற்றுக்கு எதிரே போய், களைத்த காலோடு காற்றோடு திரும்புவதுதான் ஒழுங்கு. வாடைக்கு வடக்கே போங்கள், பரந்தன், ஆனையிறவு. சோளகம் எழும்பினால் தெற்கே போங்கள், முறிகண்டி, கால் வந்தபிறகு மாங்குளம். முறிகண்டி உங்களுக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர். பிள்ளையாரைக் கும்பிட்டு, சுடச்சுட ஒரு சரை கச்சான் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, முதுகில் காற்றோடு வரலாம். போன வருசம் நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். அப்படியும் கிழமைக்கு 150 ஓடியிருக்கிறீர்கள் என்றால் உங்கள் காலில் சாமான் இருக்கிறது.

ரொறன்ரோ மச்சானை விடுங்கள். அங்கே மார்கழியில் றோட்டில் பனியும், பனியைக் கரைக்கக் கொட்டுகிற உப்பும். அந்த உப்பு செயினைத் தின்றுவிடும். ஆகையால் பலர் நிலக்கீழ் அறையில் சைக்கிளை ஒரு தாங்கியில் பூட்டி, நின்ற இடத்தில் உழக்குகிறார்கள். மச்சானும் அப்படியென்றால், அவருடைய 200 மெசின் போட்டுக் கொடுத்த கணக்கு. காற்றில்லை, எருமை இல்லை, கிரவல் சேறு இல்லை. சித்திரையில்தான் அவருக்கு றோட்டுத் திறக்கும். உங்களுக்கு அப்போது வெயில் றோட்டைப் பூட்டத் தொடங்கும்.

சித்திரை வருசத்தன்று யாழ்ப்பாணம் போகிற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கும் அதுதான் காரணம். சித்திரை முற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது, தெற்கிலிருந்து வடக்கே ஏறி. கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் நிற்பது ஏறக்குறைய வருசப்பிறப்பை ஒட்டியே. நடுப்பகலில் உங்கள் நிழல் உங்கள் காலுக்குள் கிடக்கும். போக 65, வர 65 என்றால் திரும்பி வருகிற பாதி அந்த வெயிலுக்குள்தான். பின்னேரம் இடிமழை வந்தாலும் வரும். போதாததற்கு வருசச் சனமெல்லாம் யாழ்ப்பாணம் போகிற ஏ9 றோட்டில்.

நான் சொல்கிற நாள் பங்குனி முற்பாதி. மழை போய்விடும், பனி குறைந்துவிடும், வாடை களைத்துவிடும், சோளகம் இன்னும் எழும்பியிராது. எங்களுக்கு வசந்தமென்று ஒன்று இருந்தால் அந்த மூன்று கிழமைதான். ஒரே நாளில் திரும்பவேண்டும் என்றும் இல்லை. சாவகச்சேரியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சொந்தக்காரர் வீடு இல்லாத கிளிநொச்சிக்காரரை நான் இதுவரை காணவில்லை. இரவு நின்று, புட்டுச் சாப்பிட்டு, மற்றநாள் விடியப்புறம் வாருங்கள்.

அதுவரை ஏழு கிழமை இருக்கிறது. முதல் இரண்டு கிழமையும் கிழமைக்கு நாலு நாள், 12, 15 கிலோமீற்றருக்கு மேலே வேண்டாம். பக்கத்தில் ஒருவர் வந்தால் கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் நீட்டுங்கள்: 25, 35, நடுவில் ஒரு கிழமை குறைத்து, 45, 55. ஐம்பத்தைந்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாதாரணமாக ஒரு வாளி தண்ணீர் தூக்க முடிகிறதென்றால் அறுபத்தைந்து பயமில்லை. மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை தண்ணீர், அதில் தேசிக்காய்ப் புளியும் ஒரு சிட்டிகை உப்பும். கடையில் விற்கிற கலர் தண்ணீர் தேவையில்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இந்த நாட்களில் ஆறரை மணிக்குத்தான் சூரியன் கிளம்புகிறது. அதற்கு முதல், மூட்டம் கிடக்கும்போது, ஏ9 இல் ஏறவேண்டாம். இரவு பயணம் வந்த பஸ் சாரதிக்கு அந்நேரம் கண் சொக்கும். தார் சூட்டுக்கு றோட்டில் படுத்த மாடு எழும்பியிராது. மாடாவது வெள்ளை, எருமை கிட்டப்போய் மூச்சுவிட்ட பிறகுதான் எருமை. பின்னுக்குச் சிவப்பு லைற் கட்டாயம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போனால் பொழுதுபட முதல் திரும்பிவிடுங்கள், யானை இறங்கும். ஆனையிறவு தாண்டி முகமாலைப் பக்கம் மிதிவெடி இருக்கிறதென்று சொல்கிற மண்டையோட்டுப் பலகை கண்டால், ஒன்றுக்குப் போகக்கூட றோட்டை விட்டு இறங்காதீர்கள்.

மாசியில் இன்னொரு சங்கதி, நெல். காலபோகம் வெட்டி, படங்கு காணாத வீட்டுக்காரர் தாரிலேயே நெல்லைப் பரவி விடுவார்கள். பாதி றோட்டு பொன்னிறம். அதன்மேல் சைக்கிளை விடுவது குண்டுமணியில் நடப்பதுபோல. நான் மூன்று வருசத்துக்கு முதல் அக்கராயன் றோட்டில், எதிரே வந்த லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு விலத்தி, நெல்லுக்குள் இறங்கிப் பிறேக்கைப் பிடித்தேன். முன்சில்லு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கை உரஞ்சு காயம், வாய்க்குள் நெல். வீட்டுக்காரி ஓடி வந்தா. முதலில் சிதறின நெல்லைக் கூட்டி அள்ளினா, பிறகுதான் "பிள்ளைக்கு அடி பட்டதோ?" என்று கேட்டா. எனக்கு அப்போது 54 வயது, பிள்ளை என்று கூப்பிட்டதால் கோபமும் வரவில்லை. நெல் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே அகப்பட்டால் பிறேக்கைத் தொடாமல் நேரே போய் வெளியே வாருங்கள். அடுத்தவரின் ஆறு மாத உழைப்பு என்ற மரியாதைக்காகவும்தான். வைக்கல் செயினுக்குள் சுற்றினால் இறங்கி எடுங்கள். பின்னுக்கு உழக்கினால் இன்னும் இறுகும்.

அடுத்த மாரிக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். முழுதாக விடவேண்டாம். மழை ஓய்கிற இடைவெளியில் கிழமைக்கு மூன்று தரம் அரை மணித்தியாலம், கொஞ்சம் வேகமாக ஓடினால் காணும், கால் மறக்காது. ரயருக்குக் காற்றைச் சற்றுக் குறையுங்கள். ரெயில் கடவையில் ஈரத் தண்டவாளத்தைச் சரிவாக வெட்டாமல் நேர்க்குத்தாகக் கடவுங்கள். இரணைமடு வான்கதவு திறந்து வெள்ளம் நிற்கும்போது, காலில் புண்ணோடு அதற்குள் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. ஓடிவந்ததும் பிறேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் அப்பியிருக்கிற கிரவல் சேற்றைக் கழுவுங்கள், அது அரம் மாதிரி ரிம்மைத் தின்னும். செயினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். காலையில் வெளியே நிற்கிற எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், மண் ஒட்டாது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், பிசினாகிவிடும்.

இனி அப்பா.

1990களில், சண்டைக் காலத்தில், நான் வன்னியில் படிப்பித்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போக 11 கிலோமீற்றர், வர 11. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ரயர் தேய்ந்து ரியூப் எட்டிப் பார்த்தால், பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைப்போம். அந்த இடம் நிலத்தில் படும்போதெல்லாம் சீற் ஒரு துள்ளுத் துள்ளும். ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை துள்ளல் என்று எனக்குத் தெரியும். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பேசும். கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைக்கும். இடம்பெயர்ந்தபோது கரியரில் அரிசி மூட்டை, பாரில் தங்கச்சியின் மகன், ஹான்டிலில் கேத்தில். 2002இல் ஏ9 திறந்து பஸ் ஓடத் தொடங்கியதும் அந்தச் சைக்கிளைத் தாழ்வாரத்தில் சாத்தினேன். இருபது வருசம் தொடவில்லை. பார்க்கவே கால் உளைந்தது. 2022இல் பெற்றோல் வரிசை வந்துதான் திரும்ப எடுத்தேன். ஒரு நாள் சந்தைக்குப் போகிற வழியில் திருப்பத்தைத் திருப்பாமல் நேரே போய்விட்டேன், குளக்கட்டு வரை, ஒரு வேலையும் இல்லாமல். திரும்பி வந்து வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதனால் உங்கள் அப்பா கேட்பதில் பகிடி இல்லை என்று நினைக்கிறேன். அவருடைய காலுக்குச் சைக்கிள் என்றால் சுமை. சும்மா ஓடலாம் என்பதை நீங்கள் வாயால் சொல்லி அவருக்கு விளங்காது, எனக்கும் விளங்கியிராது. வாதாடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அவர் கதிரையில் இருக்கிற விறாந்தைக்கு முன்னால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ரியூப்பைக் கழற்றி, வாளித் தண்ணீரில் அமுக்கி, ஓட்டையைத் தேடுங்கள். அரத்தாளால் பிழையாக உரசுங்கள். சொலூசனைப் பூசி, காய முதலே ஒட்டை வைக்கப் பாருங்கள். அவர் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்.

விட்டுவிடுவதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பங்குனியில் போய் வந்து எழுதுங்கள். எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பளையில் காற்று எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எனக்கும் ஒரு யோசனை இருக்கிறது.