வின்னிபெக்கில் அணைந்த போன்

அன்புள்ள அண்ணாச்சி,

தக்கலைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். மகள் செப்டம்பரில் மேற்படிப்புக்காகக் கனடா போனாள். வின்னிபெக் என்ற ஊர். தினமும் நமக்கு இரவு ஏழரை, அவளுக்குக் காலை எட்டு. பஸ்ஸுக்கு நிற்கும்போது வீடியோ காலில் வருவாள். போன வாரம் மூன்று நாள், பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் அப்படியே நின்று, கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். முதல் நாள் நான் அழுதுவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, “சார்ஜ் நாப்பது இருந்தும்மா, தானா அணைஞ்சுது, காலேஜுக்குள்ள வந்ததும் தானா சரியாச்சு” என்கிறாள். அன்று அங்கே மைனஸ் 27 டிகிரியாம். புறப்படும்போது நாகர்கோவிலில் வாங்கிக்கொடுத்த புதுப் போன். கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். பேட்டரி கோளாறா? வேறு வாங்கி அனுப்பவா? நீங்கள் குளிர்காலத்தில் லடாக் போன கதையை முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

வேறு போன் வாங்க வேண்டாம். அந்தக் கடைக்காரரைப் பார்த்தால் நல்லபடியாக இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள், பாவம்.

மார்கழி விடியலில் உங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டிலை நினைத்துப்பாருங்கள். 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் எண்ணெய் கட்டிவிடும். பாட்டில் நிறைய இருக்கும், கவிழ்த்தால் சொட்டு விழாது. கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகி வரும். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. உங்கள் மகளின் பேட்டரிக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது. பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் (மின்னேற்றம் உள்ள நுண்துகள்கள்) ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு திரவத்தின் வழியே போகின்றன. குளிர் ஏற ஏற அந்தத் திரவம் கெட்டிப்படுகிறது (நம் எண்ணெயைப் போல ஒரேயடியாக உறைந்துவிடுவதில்லை), அயனிகளின் நடை தளர்கிறது. கொஞ்சமாகக் கேட்டால் பேட்டரி எப்படியோ கொடுத்துவிடும். ஒரே மூச்சில் நிறையக் கேட்டால் மின்னழுத்தம் சரியும். ஓர் அளவுக்குக் கீழே சரிந்ததும் போன் அணைந்துவிடும். திரையில் தெரியும் நாற்பது, உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்ற கணக்கு. இந்த நிமிடம் எவ்வளவு வெளியே வரும் என்பது அந்தக் கணக்கில் வராது.

சரி, ஒரே மூச்சில் நிறையக் கேட்பது எது? கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வீடியோ கால்தான். கேமரா, முழு வெளிச்சத்தில் திரை, நிற்காமல் ஓடும் டேட்டா, எல்லாம் சேர்ந்து இழுக்கின்றன. அதுவும் கையை நீட்டிப் பிடித்து, மைனஸ் 27இல். ஆப்பிள் நிறுவனம் தன் போன்களை 0 முதல் 35 டிகிரி வரையில் பயன்படுத்தச் சொல்கிறது. மற்ற போன்களுக்குள் இருப்பதும் இதே வகைப் பேட்டரிதான்.

லே நகரில் எனக்கும் இதேதான் ஆனது. ஜனவரி மாதம், சிந்து நதிக்கரை. ஓரங்களில் பனிக்கட்டி கட்டியிருந்த தண்ணீரைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் படத்தில் போன் அணைந்தது. பவர் பேங்க் இருக்கிறதே என்று முதுகுப்பையைத் திறந்தால், காலையிலிருந்து வெளியே கிடந்த அதுவும் விறைத்திருந்தது. அதற்குள்ளும் அதே லித்தியம் என்ற நினைப்பு எனக்கு இல்லை. கார் ஓட்டி வந்த லடாக்கிக்காரர் ஒன்றும் பேசாமல் போனை வாங்கித் தன் கம்பளி அங்கிக்குள் நெஞ்சோரமாகச் செருகிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். ஆன் செய்தேன், வந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஏனென்றால் நம் பழக்கமெல்லாம் வெயிலுக்கானவை. போன் சூடானால் கவரைக் கழற்றுவோம், ஃபேனுக்கடியில் வைப்போம், உடம்போடு ஒட்டி வைத்தால் வேர்வை பட்டுக் கெட்டுப்போகும் என்போம். நீங்களும் மகளுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பீர்கள். அங்கே எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும். கோட்டின் வெளிப்பையிலோ தோள்பையிலோ போன் இருக்கவே கூடாது. கோட்டுக்கு அடியில், உள்சட்டைக்கு மேலே போடும் கம்பளி அடுக்கின் நெஞ்சுப்பையில் இருக்கட்டும். தோலை ஒட்ட வேண்டாம், வேகமாக நடந்தால் அங்கேயும் வேர்க்கும். கவர் தடிமனாக இருந்தால் நல்லது. பவர் பேங்க் வைத்திருந்தால் அதற்கும் உள்ளேதான் இடம். வயர் வைத்த ஹெட்செட் ஒன்று வாங்கிக்கொண்டால் போனை வெளியே எடுக்காமலே பேசலாம். ப்ளூடூத் இயர்போனுக்குள்ளும் பொடிப் பேட்டரி இருக்கிறது, அதுவும் குளிரில் படுத்துவிடும்.

விரலைப் பற்றியும் சொல்லவேண்டும். சாதாரணக் கையுறையோடு தொட்டால் திரைக்குத் தெரியாது. தொடுதிரை நம் விரலின் மின்கடத்தலை வைத்துத்தான் வேலை செய்கிறது. நுனியில் கடத்தும் நூல் வைத்துத் தைத்த கையுறை கிடைக்கும். காற்றோடு சேர்ந்து மைனஸ் 30 போல உறைக்கும் நாளில், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். போன் பிழைக்கும், விரல் அப்படியல்ல.

இப்போது நான் சொல்லப்போவதை மகளுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். குளிர்ந்து கிடக்கும் போனைச் சார்ஜரில் போடக்கூடாது. அணைந்ததால் பேட்டரி கெட்டிருக்காது, சூடு வந்ததும் சார்ஜ் திரும்பும். ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் நிரந்தரமாகக் கெடும். சார்ஜ் ஏறும்போது அயனிகள் பேட்டரியின் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். குளிரில் நுழைவது மெதுவாகிவிடும், சார்ஜரோ பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். வடசேரியில் காலை பஸ்ஸில் உள்ளே இடமிருந்தும் படிக்கட்டிலேயே நெருக்கி நிற்பார்களே, அதுபோல அயனிகள் வெளியிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி பிறகு வேலைக்கு ஆகாது. படிவு ஊசிபோல வளர்ந்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகவும் கூடும். பல போன்கள் குளிரில் சார்ஜை ஏற்க மறுப்பது இதனால்தான். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

வீட்டுக்குள் வந்ததும் இன்னொரு தொந்தரவு. நாகர்கோவிலில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடி மங்கும் இல்லையா, அங்கே அது உள்ளே நுழையும்போது நடக்கும். சில்லென்ற போனில் ஈரக்காற்று பட்டால் நீர் கோக்கும். குளிர்காலத்தில் அந்த ஊர் வீடுகளுக்குள் காற்று பெரும்பாலும் வறண்டிருக்கும், ஆனால் சம்பா அரிசி கொதிக்கும் அடுக்களையில் அப்படி இருக்காது. உள்ளே நுழையுமுன் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் மேசையில் விட்டுவிட்டால் ஈரம் பையின்மேல் படியும். நெஞ்சுப்பையிலேயே இருந்த போனுக்கு இதுவும் தேவையில்லை.

தெருவில் நிறுத்திய கார்களின் முகப்பில் ஒரு பிளக் தொங்குவதை உங்கள் மகள் பார்த்திருப்பாள். இரவில் எஞ்சினைச் சூடாக வைக்க மின்சாரத்தில் செருகுவது அது. குளிர் பழகிய ஊர்க்காரர்களே அவ்வளவு பாடுபடுகிறார்கள். (குளிர் நமக்கு முற்றிலும் அந்நியம் என்றும் சொல்லமுடியாது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனைப் புழங்குகிறது.)

போனை நம்பி மட்டும் அவள் வெளியே போகவேண்டாம். பஸ் நேரம், தங்கும் வீட்டு முகவரி, இரண்டு தோழிகளின் எண், இவற்றை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு அம்மாவின் எண்ணே மனப்பாடம் கிடையாது. நீங்களும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பஸ் ஏறியதும் “ஏறிட்டேன்” என்று ஒரு மெசேஜ் போதும். நமக்கு இரவு ஒன்பதரை ஆகும்போது அவளுக்குக் காலை பத்து, கட்டடத்துக்குள் இருப்பாள். அப்போது முகம் பாருங்கள். ஜனவரியில் அங்கே எட்டு மணிக்கு இன்னும் விடிந்திருக்கவே விடிந்திருக்காது, அந்த இருட்டில் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுத் தேங்காயெண்ணெய் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பீர்கள். அங்கே அறையை எவ்வளவு சூடாக்கினாலும் 21, 22 டிகிரிதான் வைப்பார்கள், அது கட்டியாகவே கிடக்கும். அந்தப் பாட்டிலை ஹீட்டர் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். போனை அங்கே வைத்துவிடப் போகிறாள்.