ஜெபிக்கவே முடியாத நாட்களில் கிறிஸ்தவனாக வாழ்வது எப்படி?

கேள்வி: அம்மா படுத்த படுக்கை. கடன் இருக்கிறது, வேலையிலும் நிம்மதி இல்லை. காலை ஜெபம் நின்றே போய்விட்டது. விசுவாசம் இருந்தால் எல்லாம் மாறும் என்கிறார்கள், ஒன்றும் மாறவில்லை. இந்த நிலையில் விசுவாச வாழ்க்கை என்பது எப்படி இருக்கும்?

பதில்:

'காலை ஜெபம் நின்றே போய்விட்டது' என்ற வரியைத் தாண்டிப் போகவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. என் அப்பா பக்கவாதம் வந்து நாலு வருடம் படுக்கையில் இருந்தார். அதில் முதல் வருடம் முழுக்க நான் முழங்கால் போட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் இதை வெளியில் நின்று எழுதவில்லை.

முதலில் எலியா தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதை எல்லோரும் பிரசங்கிப்பார்கள். அதற்கு அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. அதே மனிதர் உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்பிச் சொன்னது என்ன தெரியுமா? "எழுந்திருந்து போஜனம்பண்ணு." விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிட்டார். அதற்கும் கோபம் இல்லை. தூதன் இரண்டாம் தரம் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். அந்தப் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கர்த்தருடைய கேள்வியே வருகிறது.

இதை அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தபோது அழுதுவிட்டேன். தூங்காமல் கிடந்த உடம்பை நான் ஆவிக்குரிய வீழ்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படி இருக்கலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காகக் கிடைக்காதபோது ஜெபிக்க வார்த்தை வராது. அதை அவிசுவாசம் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, அந்த நாட்களில் விசுவாசத்துக்கு என்னதான் வேலை? எனக்கு அது ஒரு இரவில் தெரிந்தது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம் வைத்திருப்பேன். அன்றைக்கு இரண்டு மணிக்கு விரிப்பை மாற்றி, துடைத்து, பவுடர் போட்டு முடித்தேன். விளக்கை அணைக்கப் போகும்போது மறுபடியும் நனைந்துவிட்டது. "இப்பத்தானே மாத்தினேன்!" என்று கத்திவிட்டேன். அப்பாவுக்குப் பேச்சு கிடையாது. என்னைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விரிப்பை மாற்றினேன். போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முன்பு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது (மத்தேயு 5) மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து போய், "அப்பா, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். அசைகிற அந்த வலது கையால் என் மணிக்கட்டை இரண்டு முறை தட்டினார். அந்த மாதத்தில் நான் செய்த ஒரே ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆண்டவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனாலும் அவர் சொன்னதைச் செய்திருந்தேன். அதற்குப் பிறகு பொறுமைசாலி ஆகிவிடவில்லை, பல தடவை கத்தியிருக்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்காமல் விடியவிட்டதில்லை.

'விசுவாசம் இருந்தால் மாறும்' என்பதற்கு வருகிறேன். இதைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் பாரம் சுமக்கிறவன் தலையில் இன்னொரு கல்லை வைக்கிறார்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை வெற்றிக்கான வசனமாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அப்போஸ்தலர் பவுல் அதைக் கட்டப்பட்ட கைதியாக எழுதினார். அதற்கு முந்தைய வசனத்தில் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். எரேமியா 29:11-ம் அப்படித்தான். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வாக்குத்தத்தம் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதத்தில் வருகிறது. முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று போட்டிருக்கிறது. கடிதம் வந்தபோது வயதாகியிருந்தவர்கள் ஊர் திரும்பும் நாளைப் பார்த்திருக்க வழியே இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபியுங்கள் என்பதுதான். பவுலும், மாம்சத்திலே ஒரு முள் என்று தான் சொன்ன உபத்திரவத்தை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது எடுக்கப்பட்டதாக எழுதியில்லை. 'என் கிருபை உனக்குப்போதும்' என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா?

என் அப்பாவும் குணமாகவில்லை. அதே கட்டிலில்தான் இறந்தார்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில்தான் ஒரு பில்லில் தேதியை மாற்றிப் போடச் சொன்னார்கள். பணத்தேவை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். முடியாது என்று சொன்னேன், கை நடுங்கியது. அந்த வருடம் சம்பள உயர்வு எனக்கு வரவில்லை. பிறகு இரட்டிப்பாகக் கிடைத்தது என்று சாட்சி சொல்ல ஆசைதான், அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவு அப்பாவின் கட்டிலருகே வேதத்தைத் திறந்தபோது மனம் கூசவில்லை.

இதை எல்லாம் தனியாக இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். சபையில் யாராவது 'எப்படி இருக்கீங்க' என்றால் 'கர்த்தருடைய கிருபையில் நல்லா இருக்கோம்' என்பேன். ஒரு நாள் வாய் தவறி, "தூங்கி மூணு நாள் ஆச்சு" என்று ஒரு அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, "நீ போய்ப் படு, அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்று மணி நேரம் தூங்கினேன். அப்புறம் அது வாராவாரம் நடந்தது. பெலனுண்டு என்று எழுதிய பவுலே அடுத்த வசனத்தில், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னோடே உடன்பட்டது நலமாயிருக்கிறது என்று நன்றி சொல்கிறார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள். உங்கள் சபையில் உபதேசம் செய்யாமல் உட்காரத் தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். போதகரிடம்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. கடனைப் பற்றியும் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஜெபத்துக்குச் சங்கீதங்களிடம் போங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையிடுதலும்தான். 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே இல்லாமல் முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. சிலுவையில் இயேசு சத்தமிட்டுச் சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. நீங்கள் சொல்லப் பயப்படுகிற வார்த்தைகளை அவரே சொல்லியிருக்கிறார்.

இன்று ராத்திரி முடிந்தால் 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கும். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகவே படியுங்கள். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் நம்பிக்கையும் பாட்டும் வரும். அதைச் சொல்ல மனம் வரவில்லை என்றால் நாலாவதோடு மூடி வைத்துவிடுங்கள். நான் பல மாதம் நாலாவதோடுதான் நிறுத்தினேன்.