எச்டி 800-ஐ விற்பதற்கு முன்னால்

நண்பரே, சென்ஹைசர் எச்டி 800 ஹெட்ஃபோனில் பழைய பாடல்களைக் கேட்டால் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் குத்துகிறது, பழைய எச்டி 650-தான் இனிக்கிறது, காதில் குறையா, 800-ஐ விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காதில் ஒரு குறையும் இல்லை. எச்டி 800-க்கு 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது ‘ஸ’, ‘ஷ’ போன்ற கூர்மையான ஒலிகள் வரும் இடத்தில், ஒரு தூக்கல் உண்டு; அந்தப் பகுதி மட்டும் கூடுதல் சத்தமாக வரும். அளந்து பார்த்த பலரும் சொன்ன விஷயம்தான். டேப் இரைச்சலும் மைக்கின் கூர்மையும் அங்கே பெரிதாகக் கேட்கும். எச்டி 650 மேல் சுருதிகளைச் சற்று அடக்கி, குரலை முன்னே நிறுத்தும். ராத்திரி முழுக்கக் கேட்கலாம்.

உடனே விற்க வேண்டாம். ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 6 கிலோஹெர்ட்ஸை மட்டும் நான்கைந்து டெசிபல் குறைத்துப் பாருங்கள். அப்புறம் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஆர்கெஸ்ட்ரா கேட்பவர் என்றால் எச்டி 800-இல் வாத்தியங்கள் பரந்து விரிந்து கேட்கும் விசாலம் 650-இல் கிடைக்காது, அதற்காகவே வைத்துக்கொள்ளலாம். குரல் பாட்டு மட்டும்தான் என்றால் தயங்காமல் 650-க்கே திரும்புங்கள். விலை குறைவு என்பதற்காக அதை மட்டமாக நினைக்காதீர்கள். அந்த விசாலமும் குத்தாத ஒலியும் ஒன்றிலேயே வேண்டுமானால், அந்தத் தூக்கலை அடக்கி வந்த எச்டி 800 எஸ்-ஐ ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.